பெட்ரோல் எஸ்யூவியா, பிளக்-இன் ஹைப்ரிடா? காங்கேயம் பக்கம் ஓட்ட எது சரிப்படும்?

களத்துமேடு, காங்கேயம்:

வணக்கமுங்க. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். கொப்பரைக் களம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். ஆறு வருடமாக நான் பார்க்கிறேன். வண்டியும் நானேதான் ஓட்டுகிறேன்.

இப்போது இருப்பது 2012இல் அவர் எடுத்த டீசல் கார். ஒரு நாளும் வழியில் நின்றதில்லை, ஆனால் தாழ்வான வண்டி. மெயின் ரோட்டிலிருந்து களத்துக்கு முக்கால் கிலோமீட்டர் இட்டேரியில் போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, சக்கரத் தடத்துக்கு நடுவில் மேடு. மழை பெய்து தடம் இறங்கிவிட்டால் அந்த மேட்டில் வண்டியின் அடி உரசும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அதோடு போன ஆடியில் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. தாழ்வான சீட்டில் உட்கார வைக்கவும் எழுப்பவும் இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. அதனால் உயரமான வண்டிதான், எஸ்யூவிதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆட்டோ கியர் வேண்டும், முழங்கால் வலி இருக்கிறது.

எதில் ஓட வேண்டும் என்பதில்தான் குழப்பம். பொங்கல் நோம்பிக்கு வந்திருந்த என் தம்பி ஆஸ்திரேலியாவில் பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருக்கிறான். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் மறுநாள் ஊருக்குள் ஓடுவதெல்லாம் கரண்டிலேயே ஓடிவிடும், தூரம் போனால் பெட்ரோல் எடுத்துக்கொள்ளும் என்றான். கேட்டதும் எனக்காகவே செய்த வண்டி மாதிரி இருந்தது. வீட்டிலிருந்து களத்துக்குப் போய்வர 24 கி.மீ.தான். முழு மின்சார வண்டி எனக்கு வேண்டாம். நடுராத்திரியில் அத்தைக்கு ஏதாவது ஒன்றென்றால் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஒரு ஷோரூமுக்குப் போய் பிளக்-இன் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குங்க மேடம்" என்று ஹைப்ரிட் வண்டி ஒன்றைக் காட்டினார்கள். சார்ஜ் குத்துகிற இடம் எங்கே என்று வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பெட்ரோல் மூடியைத் தவிர வேறு மூடியே இல்லை. கேட்டால், "இது தானாகவே சார்ஜ் ஆகிக்கும்" என்கிறார்கள். இந்த வண்டிக்கும் சாதாரண பெட்ரோல் ஆட்டோ கியருக்கும் ஆன்ரோடு விலையில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் வித்தியாசம். எனக்கு இருபது லட்சத்தை ஒட்டி முடிந்தால் நல்லது.

ஓட்டம் மாதம் 1,200 கி.மீ. இருக்கும். களத்துக்கு 600, வாரம் ஒரு தடவை பெருந்துறை கொப்பரை ஏலம், மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூரில் மகள் வீடு. தோட்டத்து மோட்டார் ரூமில் த்ரீ பேஸ் லைன் இருக்கிறது. பிளக்-இன் எடுத்தால் அதில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பனியன் சரக்கு, திருப்பூர்:

அக்கா, அவர்கள் காட்டியது ஸ்ட்ராங் ஹைப்ரிட். பிளக்-இன் வேறு, இது வேறு. நான் இரண்டரை வருடமாக இதைத்தான் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் இருப்பது ஒரே ஹைப்ரிட் அமைப்பு. 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கூட ஒரு மின்மோட்டார், பின்னால் ஒரு சின்ன பேட்டரி. அந்த பேட்டரியில் பிடிப்பது 0.76 யூனிட், ஒரு யூனிட்கூட இல்லை. தனிக் கரண்டில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் வீணாகிற வேகத்தைக் கரண்டாக்கிச் சேர்த்துவைத்து, அடுத்த முறை வண்டி நகரும்போது அதைக் கொடுக்கும். வெளியிலிருந்து கரண்ட் ஏற்ற வழியே கிடையாது. ஷோரூம் தம்பி சொன்னது பொய்யில்லை, ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

இன்னொரு விஷயம். அதே வண்டிகளின் சாதாரண பெட்ரோல் மாடலையும் "மைல்ட் ஹைப்ரிட்" என்று சொல்லி விற்பார்கள். அதில் மோட்டார் இன்ஜினுக்குச் சும்மா கை கொடுக்கும், தனியாக வண்டியை நகர்த்தாது. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு 27.97, மைல்ட் ஆட்டோ கியருக்கு 20.58. எனக்குத் திருப்பூருக்குள் புஷ்பா தியேட்டர் பக்கம், குமரன் ரோடு என்று ஊர்ந்து போகும்போது 24, 25 கிடைக்கிறது. அவிநாசி தாண்டி பைபாஸில் நூறில் போனால் 19, 20க்கு வந்துவிடும். பெட்ரோல் வண்டி இதற்கு நேர் எதிர், ஊருக்குள் குடிக்கும், பைபாஸில் கொடுக்கும். எங்கள் கம்பெனியில் இருக்கும் மைல்ட் ஆட்டோ கியர் ஊருக்குள் 12, பைபாஸில் 17 காட்டுகிறது. ஆக நெரிசலில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் ஹைப்ரிடில் லாபம் அதிகம். உங்கள் ஓட்டம் பாதிக்குப் பாதி மாதிரி தெரிகிறது. அப்படியானால் ஹைப்ரிடுக்கு 22, பெட்ரோலுக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 64 காசு ஒரு பக்கம், 6 ரூபாய் 80 காசு ஒரு பக்கம். மிச்சம் 2 ரூபாய் 16 காசு. வருடம் 14,400 கி.மீ. ஓட்டினால் 31,000 ரூபாய். நீங்கள் அதிகமாகக் கொடுக்கிற இரண்டரை லட்சம் திரும்பி வர எட்டு வருடம் ஆகும்.

வரியில் சலுகை உண்டா என்று கேட்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளில் பெட்ரோலுக்கும் ஹைப்ரிடுக்கும் ஒரே 40 சதவீத ஜி.எஸ்.டி.தான். 5 சதவீதம் முழு மின்சார வண்டிக்கு மட்டும். உத்தரப் பிரதேசத்தில் 2024இல் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். நம்மிடம் அது இல்லை.

வால்பாறைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜின் கத்தும், ஆனால் இழுத்துவிடும். இறங்கும்போது நான்கைந்து வளைவுக்குள் பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்குமேல் கரண்டைப் போட இடமில்லாததால், வண்டியைப் பிடித்து இறக்க இன்ஜினைச் சுற்றவிடுகிறது. கத்துகிற சத்தம் கேட்டு முதல் தடவை பயந்துவிட்டேன். பிரேக்கையே நம்பாமல் கியரை "B"யில் (நிறுத்தும்போது போடுகிற "P" இல்லை) தள்ளிவிட்டு நிதானமாக இறங்க வேண்டும். ஆள் ஏறிய வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால் நான்கு யூனிட்டுக்கு மேல் சக்தி வெளியாகும். முக்கால் யூனிட் டப்பாவில் அது எப்படி அடங்கும்? பிளக்-இன் வண்டியின் பெரிய பேட்டரியில் அடங்கும், சார்ஜ் முழுசாக இல்லாமல் இருந்தால்.


உடுமலை, ஈ.பி.யில் ஓய்வு பெற்றவன்:

அம்மா, மோட்டார் ரூம் லைனைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அது விவசாய இணைப்பு. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கத்தான் இலவசம். அதில் காரைச் சொருகினால் தவறான பயன்பாடு என்று பிடிப்பார்கள், அபராதம் வரும், இணைப்புக்கே ஆபத்து. அதைவிட எனக்கு மனதில் இருப்பது வேறு. அந்தக் கரண்ட் நம் ஆட்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1972இல் மின் கட்டண உயர்வை எதிர்த்து, விவசாயிகள் சங்கத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகளைப் பூட்டிக்கொண்டு வந்து கோயம்புத்தூரையே நிறுத்தினார்கள். எங்கள் அப்பாரும் வண்டி பூட்டிப் போனவர். வீட்டில் அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 1990இல்தான் எல்லா விவசாயிக்கும் இலவசம் என்று ஆனது. சர்வீஸில் இருந்த காலம் முழுக்க, அந்த லைனில் வேறெதையாவது மாட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் மாட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கு நன்றி.

வீட்டு லைனில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகிறது என்று வைப்போம். பிளக்-இன் எஸ்யூவி 24 கி.மீ. ஓட எட்டு யூனிட் வரை இழுக்கும். மாதம் 26 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 400 யூனிட்டுக்கு மேல் கூடும். 500ஐத் தாண்டிய உடனே, முதல் யூனிட்டுகளுக்கு இருந்த மலிவான ரேட்டும் கூடிவிடும், 500க்கு மேலே யூனிட் எட்டரை, ஒன்பதரை என்று ஏறிக்கொண்டே போகும். நான் கணக்குப் போட்டவரை வண்டிக்கு மட்டும் கூடுகிற கரண்ட், யூனிட்டுக்கு 9 ரூபாயைத் தாண்டுகிறது. அப்படியானால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல். திருப்பூர் தம்பி சொன்ன ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கும் இதற்கும் ஒன்றரை ரூபாய்தான் வித்தியாசம்.

கூரையில் சோலார் போட்டால் கதை மாறும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு நாளில் 12 யூனிட் எதிர்பார்க்கலாம். பிளக்-இன் வண்டி எடுக்கிறவர் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும், அப்புறம் ஷோரூமுக்குப் போக வேண்டும் என்பேன்.


கோபிக்காரன், மெல்பர்ன்:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கோபி பக்கம், பாரியூர். இங்கே மூன்று வருடமாக அவுட்லேண்டர் பிளக்-இன் வைத்திருக்கிறேன். உங்கள் தம்பி சொன்னது உண்மைதான். ஆனால் அது எங்கே உண்மை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், 20 யூனிட் பேட்டரி. சார்ஜில் மட்டும் 84 கி.மீ. போகும் என்று கம்பெனி சொல்கிறது. எனக்கு வெயில் காலத்தில் 65, 70. ஜூலைக் குளிரில் ஹீட்டர் போட்டால் 55. வீட்டு கராஜில் சாதாரண பிளக்கில் மாட்டினால் விடிவதற்குள் நிரம்பிவிடும். வீட்டுக்காரி பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு ரயில்வே ஸ்டேஷன் போய்வர 30 கி.மீ., அத்தனையும் கரண்டில். ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் போடுகிறோம். ஓட்டும்போது சத்தமே இல்லை. எனக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

சிட்னிக்கு ஓட்டிப் போனபோது வேறு வண்டி ஆகிவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்ரோல் வண்டிதான். தீர்ந்த பேட்டரியின் பாரத்தையும் சேர்த்து இழுக்கிறது. லிட்டருக்கு 12 கிடைத்தது.

இங்கே என் நண்பர்கள் சிலர் கம்பெனி லீஸில் வரிச் சலுகைக்காகவே பிளக்-இன் எடுத்தார்கள். அந்தச் சலுகை 2025 ஏப்ரல் 1உடன் முடிந்துபோனது. அவர்களில் ஒருவர் வீட்டில் சார்ஜ் வயர் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அவருக்குப் பெட்ரோல் செலவு பழைய காரைவிடக் கூடிவிட்டது. இது அவர் ஒருவர் பழக்கம் மட்டுமில்லை. ஐரோப்பிய ஆணையம் 2024இல் சாலையில் ஓடும் வண்டிகளிலிருந்தே தரவு எடுத்துப் பார்த்தபோது, பிளக்-இன் வண்டிகளின் உண்மையான கார்பன் டை ஆக்சைடு புகை, கம்பெனி அளவைப்போல மூன்றரை மடங்கு இருந்தது. சொருகாமல் ஓட்டுவதுதான் அதற்குப் பெரிய காரணம்.

நீங்கள் சொருகுகிற ஆள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. சொந்த வீடு, வாசலில் போர்டிகோ, தினம் ஒரே தூரம், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் நம் ஊரில் இதுவரை பார்த்த பிளக்-இன் எஸ்யூவி, வால்வோ எக்ஸ்சி90 மாதிரி கோடி ரூபாயை ஒட்டிய வண்டிகள். இருபது லட்சத்தில் கிடைக்கும் என்று காத்திருந்தால் அத்தையை யார் கூட்டிப்போவது? இன்றைக்குக் கிடைக்கிறதில் நல்லதை எடுங்கள்.


ஒர்க்‌ஷாப், பெருந்துறை:

அக்காவுக்கு வணக்கம். 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே எல்லாரும் ரூபாய்க் கணக்குப் போட்டுவிட்டார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவன் கணக்கு கொஞ்சம் வேறு.

ஸ்ட்ராங் ஹைப்ரிடில் கிளட்ச் பிளேட் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, டைனமோ இல்லை, டைனமோ பெல்ட்டும் இல்லை. பாதி வேகத்தை மோட்டாரே குறைத்துவிடுவதால் பிரேக் பேட் ரொம்ப நாள் வரும். நம்மிடம் வண்டிகள் வந்து நிற்பதே இந்தச் சாமான்களுக்காகத்தான். பெரிய பேட்டரிக்குக் கம்பெனி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி கொடுக்கிறது. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் களத்துத் தூசியை எனக்குத் தெரியும். கொட்டாங்குச்சிப் புகை, கொப்பரைத் தூள், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஒட்டும். பேட்டரியைக் குளிர்விக்க வண்டிக்குள்ளிருந்துதான் காற்று இழுக்கிறது, பின்சீட்டுப் பக்கம் அதற்கு ஒரு வலை இருக்கும். அதன்மேல் சாம்பிள் மூட்டையை வைத்து அடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் அந்த வலையைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடத்தில் செய்வதில்லை. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கி, வண்டி உயிரே இல்லாத மாதிரி நிற்கும். ஆரஞ்சு நிற வயர் தெரிகிற எந்த இடத்திலும் ஊர் எலக்ட்ரீஷியனைக் கை வைக்க விடாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குப் படித்தவர்கள் கம்பெனி சர்வீஸில் இருக்கிறார்கள், அங்கேயே போங்கள்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். புது வண்டிகள் அதற்கென்றே வருகின்றன, பயம் வேண்டாம். மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறையும், இரண்டு வண்டிக்கும்தான்.

இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. மாதம் 1,200 என்று வாயால் சொன்னீர்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள், மீட்டர் வேறு சொல்லும். மீட்டரைப் பாருங்கள். அடுத்து, அத்தைக்குச் சக்கர நாற்காலி இருக்கிறதா? ஹைப்ரிடில் பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி சின்னது. நாற்காலியையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். இட்டேரி மேட்டைக் குச்சி வைத்து அளந்து, அந்தக் குச்சியையும் எடுத்துப் போங்கள்.


களத்துமேடு, காங்கேயம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. உடுமலை ஐயா, மோட்டார் ரூம் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். எங்கள் மாமனாரும் அந்த வண்டிக் கதையைச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் நினைப்பு வராமல் போய்விட்டது.

பெருந்துறை தம்பி சொன்னபடி மீட்டரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு தடவை டீசல் போடும்போதும் களத்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மீட்டரைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. அவருக்குப் பிறகு நானும் அதை விடவில்லை. எழுதிக்கொண்டே வந்தேனே தவிர, ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை. நேற்று ராத்திரி கூட்டினேன். நான்கு மாதத்தில் 7,360 கி.மீ. மாதத்துக்கு 1,840.

எப்படி என்று யோசித்தால், அத்தையை வாரம் இரண்டு தடவை திருப்பூருக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு தடவையும் 60 கி.மீ. அதை நான் ஓட்டமாகவே எண்ணவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும், அப்புறம் போக வேண்டியிருக்காது என்று ஆடியிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். டாக்டரிடம் இந்த வாரம் நேராகவே கேட்டேன். இன்னும் ஒன்றரை வருடமாவது விடாமல் வர வேண்டும் என்றார். கேட்டபோது கஷ்டமாக இருந்தது, ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று.

அந்தத் திருப்பூர் ஓட்டத்தில் பாதி நேரம் நெரிசலில்தான் நிற்கிறேன். திருப்பூர் தம்பியின் கணக்கிலேயே வருடம் 22,000 கி.மீ. என்று போட்டால் மிச்சம் 47,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஐந்து வருடம், சில மாதத்தில் இரண்டரை லட்சம் திரும்பிவிடும். நான் ஒரு வண்டி எடுத்தால் பத்து வருடத்துக்குக் குறைந்து விடுவதில்லை.

நேற்று முன்தினம் அத்தை, சக்கர நாற்காலி, குச்சி மூன்றையும் ஏற்றிக்கொண்டு வேறொரு ஷோரூமுக்குப் போனேன். குச்சியில் மேட்டின் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். வண்டியின் அடி அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் மேலே நின்றது. நாற்காலி ஹைப்ரிட் டிக்கியில் அப்படியே போகவில்லை. பெட்ரோல் வண்டியில் போனது. அங்கேதான் கொஞ்ச நேரம் மனசு ஊசலாடியது. பின்சீட்டில் சின்னப் பக்கத்தை மட்டும் மடக்கிவிட்டு, நாற்காலியின் கால் தாங்கியைக் கழற்றிச் சாய்த்து வைத்தால் ஹைப்ரிடிலும் போகிறது. முன்னால் அத்தை, பின்னால் வேலைக்காரப் பொண்ணு, அதற்குமேல் யாரும் எங்களோடு வருவதில்லை. சரி என்று ஹைப்ரிடுக்கே முன்பணம் கட்டிவிட்டேன். பேட்டரி வலை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மெல்பர்ன் தம்பி, உங்கள் பதிலை என் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வண்டி பிளக்-இன்னாகவே இருக்கட்டும், அதற்குள் கூரையில் சோலார் போட்டுவிடு என்கிறான். தேங்காய் விலை நன்றாக இருக்கும்போதே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

ஷோரூமில் அத்தையை முன்சீட்டில் உட்கார வைத்தோம். நான் ஒருத்திதான் பிடித்தேன். இடுப்பு உயரத்துக்குச் சீட் இருந்ததால் திரும்பி உட்கார்ந்ததும் வலது காலை அவர்களே உள்ளே எடுத்து வைத்தார்கள், இடது காலை மட்டும் நான் தூக்கி வைத்தேன். இறங்கச் சொன்னால், இருக்கட்டும் கண்ணு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன் என்றார்கள்.